தாத்தாவுக்குக் கல்யாணம்

பாட்டி இறந்து மூன்று வாரம்தான் ஆகிறது. வீட்டில் எல்லோரும் கறுப்பு உடுத்தியிருக்கிறார்கள். தினமும் காலையில் ஒரு மடக்கு விஸ்கிக்காக மகள் வீட்டுக்கு வரும் தாத்தா அன்றைக்கும் வருகிறார். மனைவி உயிரோடு இருந்தவரை சொந்த வீட்டில் பாட்டில் வைக்க அவருக்கு அனுமதி கிடையாது. மகள்கள் இரண்டு பேரையும் கூட்டி வைத்து, நம் கடையில் தொப்பி தைக்கிற மிஸ் லவ் சிம்ப்சனைக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்கிறார். யோசனை கேட்கவில்லை, தகவல் சொல்கிறார். மூத்தவள் அழுகிறாள், இளையவள் கத்துகிறாள். அம்மா போன சூடுகூட ஆறவில்லையே என்று கேட்கிறவர்களுக்கு அவர் ஒரு பதில் சொல்கிறார். அதை இங்கே எழுதிக் கெடுக்க மாட்டேன். வாய்விட்டுச் சிரிக்க வைத்து, சிரித்ததற்காக உடனே கூச வைக்கும் பதில் அது.

நாள் 1906 ஜூலை 5. இடம் அமெரிக்காவின் தெற்கே, ஜார்ஜியா மாநிலத்தில், கோல்ட் சாஸி என்ற சிற்றூர். இதையெல்லாம் கூடவே நின்று பார்க்கிறவன் 14 வயதுப் பேரன் வில் ட்வீடி. ஆலிவ் ஆன் பர்ன்ஸ் எழுதி 1984-இல் வெளிவந்த ‘கோல்ட் சாஸி ட்ரீ’ இப்படித்தான் தொடங்குகிறது. இந்த முதல் அத்தியாயத்தை ரயிலிலும் பந்தியிலும் ஒரு தடவை பல் டாக்டர் வீட்டுத் திண்ணையிலும் நான் யார் யாரிடமோ வாய்வார்த்தையாகச் சொல்லியிருக்கிறேன். கேட்டவர்கள் எல்லோரும் அடுத்துக் கேட்டது ஒரே கேள்விதான்: “அப்புறம்?” ஒரு நாவலுக்கு இதைவிட என்ன நற்சான்று வேண்டும்?

தாத்தாவின் பெயர் ரக்கர் பிளேக்ஸ்லீ. ஊரின் பெரிய கடை அவருடையது. ஒரு கை கிடையாது. உள்நாட்டுப் போரில் விடலைப் பையனாகத் தென்னகப் படையில் நின்றவர். பணம் இருந்தும் வீட்டில் குழாயோ மின்விளக்கோ போட மறுக்கிற பரம கஞ்சர். கல்யாணத்துக்கு அவர் வெளியே சொல்லும் காரணமும் கஞ்சத்தனம்தான்: சமைக்கவும் வீட்டைப் பார்த்துக்கொள்ளவும் ஆள் வேண்டும், சம்பளத்துக்கு வைப்பதைவிடப் பெண்டாட்டி மலிவு. மிஸ் லவ்வுக்கு அவர் மகள் வயது. வடக்கே பால்டிமோரிலிருந்து வந்தவள் என்பதால் ஊராருக்கு அவள் பாதி எதிரி நாட்டுக்காரி. போர் முடிந்து நாற்பது வருஷம் ஆகியும் கோல்ட் சாஸிக்காரர்களுக்கு அது போன வாரம் நடந்த மாதிரி. இரண்டு பேருக்குள்ளும் ஓர் ஒப்பந்தம் இருக்கிறது. அவள் வீட்டைப் பார்த்துக்கொள்வாள், அவர் வீட்டை அவள் பெயருக்கு எழுதிவைப்பார். அறைகள் தனித்தனி. அவ்வளவுதான் பேச்சு.

பாளையங்கோட்டையில் ஆங்கில ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்ற என் பெரியம்மாவிடம் இந்தப் புத்தகத்தைக் கொடுத்தேன். ஐம்பது பக்கம் தாண்டுவதற்குள் போன் வந்தது. “வீட்டுக்காகத்தாம்ல கட்டிக்கிட்டா. வேற என்னத்துக்குங்கிற?” அன்றைக்கு ஆரம்பித்த சண்டை எங்களுக்குள் இன்னும் ஓயவில்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

குடும்ப மானம் சந்திக்கு வரும் கதைகளை நான் விடாமல் தேடிப் படிக்கிறவன். பெரும்பாலானவற்றில் எழுதுகிறவர் ஊர் பக்கம் நின்று குடும்பத்தைப் பார்ப்பார். இல்லாவிட்டால் குடும்பத்தின் பக்கம் நின்று ஊரைத் திட்டுவார். பர்ன்ஸ் இரண்டையும் செய்யவில்லை. கதையை ஓர் எடுபிடிப் பையனிடம் கொடுத்துவிட்டார். சித்தியைக் கூட்டி வா, கடையில் போய் இதைச் சொல், தாத்தா என்ன செய்கிறார் என்று எட்டிப் பார்த்துவிட்டு வா: நாவல் முழுக்க வில் ட்வீடிக்கு இதே வேலை. எல்லா வீட்டுக் கதவும் அவனுக்குத் திறந்திருக்கிறது. யாரும் அவனை ஓர் ஆளாக மதித்துக் குரலைத் தாழ்த்துவதில்லை. அதனால் எல்லாம் அவன் காதில் விழுகிறது. விழாததை அவனே போய்க் கதவோரம் நின்று வாங்கிக்கொள்கிறான். அவனைப்போல் ஒட்டுக்கேட்கிற நாயகனை நான் வேறெந்த நாவலிலும் சந்தித்ததில்லை!

துக்கம் காக்கிற வீட்டுப் பையன் மீன் பிடிக்கப் போகக் கூடாது, பந்து விளையாடக் கூடாது, சிரித்துக்கொண்டு தெருவில் திரியக் கூடாது. வில் பாட்டியை நிஜமாகவே நேசித்தவன். அவள் அடக்கத்துக்குத் தாத்தா என்ன செய்தார் என்பதும் அவனுக்குத் தெரியும்: அவள் வளர்த்த ரோஜாக்களைப் பறித்து, பேரனையும் கூட வைத்துக்கொண்டு, குழியின் உட்புறத்தை அந்தப் பூக்களால் மூடியவர் அவர். அந்தப் பக்கங்களைப் படித்த பிறகு ‘மூன்று வாரத்தில் கல்யாணம்’ என்பதை ஊர் பார்க்கிற மாதிரி நம்மால் பார்க்க முடியாது. பர்ன்ஸின் சாமர்த்தியமே இங்கேதான். முதலில் நம்மையும் ஊரோடு சேர்த்து வாயைப் பிளக்க வைக்கிறார். ரோஜாவைப் பிறகுதான் காட்டுகிறார்.

அந்தக் கல்யாண அமளியில் பையன் நழுவி மீன் பிடிக்கப் போகிறான். கூடவே அவன் நாய் டி.ஆர்.; ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட்டின் பெயரை நாய்க்கு வைத்திருக்கிறான். ஓடைக்கு மேலே உயரத்தில் ரயில் பாலம். இரண்டு பக்கமும் கைப்பிடி கிடையாது, ரயில் வந்தால் ஒதுங்க இடம் கிடையாது. அதன்மேல் நடந்து பார்க்க ஆசை வருகிறது. 14 வயதில் யாருக்குத்தான் வராது! பாதிப் பாலத்தில் தண்டவாளம் அதிரத் தொடங்குகிறது. திரும்பி ஓடினாலும் முடியாது, முன்னால் ஓடினாலும் முடியாது. குதித்தால் சாவு. இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே குப்புற விழுந்து படுத்துக்கொள்கிறான். வண்டி முழுதும் அவன் முதுகுக்கு மேலே போகிறது.

இந்த இடத்தை நான் எத்தனையோ தடவை படித்துவிட்டேன். பிழைத்துக்கொள்வான் என்று தெரியும். கதையைச் சொல்கிறவனே அவன்தானே. தெரிந்தும் ஒவ்வொரு தடவையும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் படிக்கிறேன். ஓசையையும் சூட்டையும் கண்ணை மறைக்கும் கரியையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டே போகிறார் பர்ன்ஸ். பிறகு பயம் வடிகிற நேரத்தில் ஒரு பையனின் உடம்பு எப்படி நடுங்கும், எப்படி அசட்டுத்தனமாகச் சிரிக்கும் என்பதையும் விடாமல் எழுதுகிறார். சாகசக் காட்சி எழுதுகிறவர்கள் பலருக்கு வண்டி போனதோடு வேலை முடிந்துவிடும். இவருக்கு அதற்குப் பிறகுதான் வேலையே ஆரம்பிக்கிறது. ஏனென்றால் செத்துப் பிழைத்த பையனைப் பார்க்க ஊரே அவன் வீட்டில் கூடிவிடுகிறது. அந்தக் கூட்டத்துக்குள் தாத்தா தன் புது மனைவியோடு நுழைகிறார். எல்லா வாயும் ஒரே நேரத்தில் அடைத்துக்கொள்கிறது. பேரனை அணைத்துக்கொள்ள வந்தவளை எந்த நாற்காலியில் உட்காரச் சொல்வது என்றுகூட யாருக்கும் தெரியவில்லை.

அன்றிரவு வில் தாத்தாவிடம் கேட்கிறான்: நான் பிழைத்தது கடவுள் சித்தமா? ஊரில் யாரைக் கேட்டிருந்தாலும் ஆமாம் என்றிருப்பார்கள். தாத்தாவின் கணக்கு வேறு. படுத்துக்கொள்ளத் தோன்றிய புத்தியால் பிழைத்தாய் என்பது அவர் கட்சி. அந்தப் புத்தியைக் கொடுத்ததற்கு வேண்டுமானால் கடவுளுக்கு நன்றி சொல், தண்டவாளத்திலிருந்து தூக்கிவிட அவர் வரவில்லை என்கிற தோரணை. தேவாலயத்துக்குப் போகிறவர்தான், வேதாகமம் படித்தவர்தான், ஆனால் எதையும் கேட்டதும் அப்படியே விழுங்குகிறவர் இல்லை. கல்யாணத்துக்குப் பிறகு ஊர் முகத்தைத் திருப்பிக்கொண்டதும் ஞாயிற்றுக்கிழமை ஆராதனையைத் தன் வீட்டுக் கூடத்துக்கே கொண்டுவந்துவிடுகிறார். மிஸ் லவ் பியானோ வாசிக்கிறாள். பாட்டுச் சத்தமும் சிரிப்புச் சத்தமும் தெருவுக்குக் கேட்கிறது. துக்க வீட்டிலிருந்து சிரிப்பா? அதுவும் ஞாயிற்றுக்கிழமையா? அடுத்த வீட்டுக் கிழவிக்கு அந்த வாரம் சோறு இறங்கியிருக்காது.

நகைச்சுவைக்கு வருகிறேன். கடைக்குச் சரக்கு வாங்க நியூயார்க் போகிற வாய்ப்பை மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் தருவதாகத் தாத்தா சொல்லியிருப்பார். வில்லின் அம்மா மேரி வில்லிஸ், துக்கத்தில் இருக்கிற நான் நியூயார்க் போவதா என்று மறுக்கிறாள். ஆசை யாரை விட்டது? மெல்ல மெல்ல மனம் மாறிப் போகலாம் என்று அவள் முடிவுக்கு வரும்போது, தாத்தா அந்தப் பயணத்துக்கு மிஸ் லவ்வைக் கூட்டிப்போவதாக முடிவு செய்திருக்கிறார். அவள் அழுத அழுகையைத் தாங்க முடியாமல் அப்பா ஹாய்ட் ட்வீடி ஒரு காடிலாக் கார் வாங்கிவிடுகிறார். நியூயார்க் போன தாத்தா அங்கே ஒரு பியர்ஸ் காரை வாங்குகிறார். குதிரை வண்டி ஊரில் ஒரே குடும்பத்தில் இரண்டு கார்! இப்படித்தான் இந்த நாவலில் எல்லாமே நடக்கிறது. ஒருவருக்கு ஒருவர் முகம் கொடுத்துப் பேசியிருந்தால் ஒரு மணி நேரத்தில் தீர்ந்திருக்கும் விஷயம், பேசாததால் ஏதேதோ ஆகி, கடைசியில் ஊருக்கு நாகரிகம் வந்துசேர்கிறது.

லோமா சித்தியைத் தனியாகச் சொல்ல வேண்டும். வில்லைவிடச் சில வயதுதான் மூத்தவள். நடிகையாகப் போக ஆசைப்பட்டு, அப்பா விடாததால், வாயில்லாப் பூச்சியான கேம்ப் வில்லியம்ஸைக் கட்டிக்கொண்டு, ஒரு குழந்தையோடு எரிச்சலில் வேகிறவள். அவளும் வில்லும் பாம்பும் கீரியும். நண்பர்களோடு காட்டில் கூடாரம் போட்ட இரவில் வில், சித்தியைப் பற்றி வாய்க்கு வந்ததை அளந்துவிடுகிறான். கட்டுக்கதை, கொஞ்சம் ஆபாசமும்கூட. சிரித்த பையன்கள் ஊருக்குத் திரும்பியதும் அது வீடு வீடாகப் போகிறது. கடைசியில் சித்தி காதுக்கே வந்துசேர்கிறது.

எனக்கு இந்த நாவலின் முதுகெலும்பே இதுதான். வதந்தியை ஊரார் பரப்புகிறார்கள் என்று நாம் ஊராரை வைதுகொண்டே வருகிறோம். நம் செல்லப் பையனும் அதையேதான் செய்கிறான், அதுவும் சுவையாகச் செய்கிறான். நாவல் நடுவில் ஓர் இரவு வருகிறது. தாத்தாவும் மிஸ் லவ்வும் வில்லும் காரில் போய், ஓடையில் கார் மாட்டிக்கொண்டு பழுதாகி, முன்பின் தெரியாத ஒரு பண்ணை வீட்டில் தங்க நேர்கிறது. மெல்லிய பலகைச் சுவர். அந்தப் பக்கம் தாத்தாவும் மிஸ் லவ்வும். இந்தப் பக்கம் தூங்காத பையன். ஒப்பந்தத்துக்காகக் கட்டிக்கொண்டதாக ஊருக்குச் சொன்னவர், தன் மனதில் நெடுங்காலமாக என்ன இருந்தது என்பதை அன்றைக்குத்தான் அவளிடம் சொல்கிறார். அவள் ஏன் தன்னை யாருக்கும் தர முடியாது என்று நினைக்கிறாள் என்பதை, சிறுமியாக இருந்தபோது தன் வீட்டுக்குள்ளேயே தனக்கு நேர்ந்த கொடுமையை, அவரிடம் வாய்விட்டுச் சொல்கிறாள்.

ஊரையே கலக்கியிருக்கக்கூடிய செய்தி அது. மூன்று மாதத்துக்கு முன் இருந்த வில் என்றால் நண்பர்களிடம் ஓடியிருப்பான். இந்த வில் படுக்கையில் அசையாமல் கிடக்கிறான். மறுநாள் காலையில் ஒன்றும் தெரியாதவன்போல் எழுந்து வருகிறான். யாரிடமும் மூச்சு விடுவதில்லை. பையன் ஆளாகிவிட்டான் என்று பர்ன்ஸ் எங்கேயும் எழுதவில்லை, மீசை முளைத்ததாகவும் எழுதவில்லை. ஒரு வாயாடி வாயை மூடிக்கொள்கிற காலையைக் காட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கிறார். முத்தக் காட்சியில் பையன்கள் பெரியவர்களாகிற நாவல்கள் மூட்டை மூட்டையாக இருக்கின்றன. இதிலும் ஒரு முத்தம் உண்டு. ஆனால் அவன் வளர்ந்தது இந்தப் பலகைச் சுவருக்கு இப்பால்தான் என்று யாரிடமும் வாதாடத் தயார். (எட்டு வருஷம் கழித்து நம்மிடம் ஒன்று விடாமல் கொட்டிவிடுகிறானே என்று நீங்கள் கேட்கலாம். கேட்டால் என்னிடம் பதில் இல்லை.)

அந்த முத்தத்தையும் சொல்லிவிடுகிறேன். கோல்ட் சாஸியின் ஓரத்தில் பஞ்சாலைத் தொழிலாளர் குடியிருப்பு. மலைப்பக்கத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்த ஏழை வெள்ளையர்கள். தலைமுடியில் பஞ்சுத்தூசி ஒட்டியிருக்கும் என்பதால் அதையே பட்டப்பெயராக வைத்து ஊர்ப் பிள்ளைகள் கேலி செய்வார்கள். அங்கிருந்து பள்ளிக்கு வருகிற லைட்ஃபுட் மெக்லெண்டன் என்ற பெண்மீது வில்லுக்கு ஆசை. கல்லறைத் தோட்டத்தில் அவளை முத்தமிட்டு, ஊர்க் கிழவி ஒருத்தி கண்ணில் பட்டுவிடுகிறான். தாத்தாவின் கல்யாணத்துக்குப் பேரன் இப்படிப் பின்பாட்டுப் பாடுகிறானே என்று வீட்டில் மறுபடி பூகம்பம். பிறகு அவள் படிப்பை விட்டுவிட்டு ஆலைக்குப் போகிறாள். அவளைக் கட்டிக்கொள்வது வில் இல்லை, வளர்ந்த ஆளாகியும் பிடிவாதமாகப் பள்ளிக்கு வந்துகொண்டிருந்த ஹோஸி ரோச் என்ற ஆலைப் பையன். வில்லுக்குக் கோபம், நமக்கு நிம்மதி. லைட்ஃபுட்டின் பக்கத்திலிருந்து பார்த்தால் ட்வீடி வீட்டுப் பையன் ஒரு வேடிக்கை, ரோச் ஒரு வாழ்க்கை. இதை நாவல் வாய்விட்டுச் சொல்லாமலே நமக்குப் புரிய வைக்கிறது.

சமையல்காரி குவீனி கறுப்பினப் பெண். அந்த வீட்டின் பாதிச் சுமை அவள் தலையில். அவள் சாப்பிடத் தனியாகப் பழைய தகரத் தட்டு, குடிக்கத் தனியாகக் கண்ணாடிச் சாடி. வீட்டுப் பாத்திரத்தை அவள் தொட்டுக் கழுவலாம், அதில் உண்ணக் கூடாது. நம் ஊர் டீக்கடைகளில் இரட்டைக் குவளையைப் பார்த்தவர்களுக்கு இதற்கு விளக்கம் தேவைப்படாது. வில் இதைக் கவனிக்கிறான், கேள்வியும் எழுகிறது, ஆனால் கதை அங்கே நெடுநேரம் நிற்பதில்லை. இந்த நாவல்மேல் எனக்கு ஒரு குறை என்றால் இதுதான். கதை நடக்கிற அதே 1906-இல், செப்டம்பர் மாதத்தில், அதே மாநிலத்தின் தலைநகர் அட்லாண்டாவில் வெள்ளையர் கும்பல்கள் சில நாட்கள் வெறியாட்டம் ஆடிக் குறைந்தது 25 கறுப்பின மக்களைக் கொன்றார்கள். குவீனிக்கும் அவள் கணவன் லூமிஸுக்கும் அந்தச் செய்தி எட்டாமலா இருந்திருக்கும்? வில்லுக்குத் தெரியாதது நமக்கும் தெரிய வேண்டாம் என்று பர்ன்ஸ் நினைத்திருக்கலாம். ஆனால் எதையும் ஒட்டுக்கேட்கிற பையன் சமையலறைப் பக்கமும் கொஞ்சம் காதை வைத்திருக்கலாமே என்று தோன்றாமல் இல்லை. இவ்வளவு ஆசையாகப் பாராட்டுகிற புத்தகத்தில் இதைச் சொல்லாமல் போனால் அது பாராட்டே இல்லை.

கேம்ப் சித்தப்பாவிடம் வருகிறேன். எழுதும்போதே கை தயங்குகிறது. நாவலின் முக்கால்வாசி வரை அவன் ஒரு சிரிப்புப் பாத்திரம். எதைத் தொட்டாலும் சொதப்புகிறவன், மாமனார் கடையில் ஏச்சு வாங்குகிறவன், பெண்டாட்டி வாயில் விழுந்து எழுகிறவன். வீட்டில் ஒரு குழாய் சொட்டிக்கொண்டே இருக்கிறது. அதைச் சரிசெய்யச் சொல்லி லோமா நச்சரித்துக்கொண்டே இருக்கிறாள். நாமும் அவனைப் பார்த்துச் சிரித்துப் பழகிவிட்டோம். ஒருநாள் அவன் அந்தக் குழாயைச் சரிசெய்துவிட்டுத் தன் உயிரை மாய்த்துக்கொள்கிறான்.

நான் புத்தகத்தை மூடிவிட்டு எழுந்து போய்விட்டேன். அவனைப் பார்த்துச் சிரித்த இடங்கள் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்து குத்தின. திரும்பிப் போய்ப் படித்துப் பார்த்தால் எல்லாம் அங்கேயே இருக்கிறது. அவன் வாய் திறக்காத இடங்கள், பாதியில் விட்ட வாக்கியங்கள், யாரும் கேட்காத கேள்விகள், எதையுமே பர்ன்ஸ் மறைத்து வைக்கவில்லை. கேலிக்கு ஆளாகிறவனை யாரும் உற்றுப் பார்ப்பதில்லை என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது, வாசகர்களான நம்மையும் சேர்த்து. தற்கொலை செய்துகொண்டவனுக்கு மரியாதையான அடக்கம் எதற்கு என்று ஊர் முணுமுணுக்கும்போது தாத்தாதான் குறுக்கே நிற்கிறார். உயிரோடு இருந்தபோது அந்த மாப்பிள்ளையை ஒரு நாள் மதித்தவர் இல்லை அவர். இப்போது குடும்பக் கல்லறையில் இடம் கொடுக்கிறார். நல்லவர் கெட்டவர் என்று ரக்கர் பிளேக்ஸ்லீயை ஒரு பக்கம் ஒதுக்க முடியாமல் போவது இந்த மாதிரி இடங்களில்தான். பாட்டிக்கு ரோஜாவைக் கொட்டியவர், அவள் வாழ்ந்த காலத்தில் வீட்டுக்குள் ஒரு தண்ணீர்க் குழாய் போட்டுத் தந்தவர் இல்லை.

இதற்குமேல் கதையைச் சொன்னால் பாவம். தாத்தாவுக்கு என்ன ஆகிறது, மிஸ் லவ் என்ன ஆனாள், ஊர் நடுவே நின்ற அந்த சாஸஃப்ராஸ் மரம் கடைசியில் என்ன ஆகிறது என்பதெல்லாம் நீங்களே படிக்க வேண்டியவை. தாத்தா எழுதிவைத்த உயிலை வாசிக்கிற காட்சி ஒன்று இருக்கிறது. தன் அடக்கம் எப்படி நடக்க வேண்டும், அதற்குப் பிறகு ஊரார் என்ன செய்ய வேண்டும் என்று மனிதர் கட்டளை போட்டிருக்கிறார். அழுதுகொண்டே சிரிப்பது என்று சும்மா சொல்வோமே, அதை நிஜமாகச் செய்தேன்.

இவ்வளவையும் எழுதியவர் யார் என்று தேடிப்போனால் அது இன்னொரு நாவல். ஆலிவ் ஆன் பர்ன்ஸ் 1924-இல் ஜார்ஜியாவில் பிறந்து, காமர்ஸ் என்ற சிற்றூரில் வளர்ந்தவர். அந்த ஊரின் பழைய பெயர் ஹார்மனி குரோவ். ரயிலும் வியாபாரமும் வந்த பிறகு 1904-இல் பெயரை மாற்றிக்கொண்டது. கோல்ட் சாஸிக்கு மாதிரி அதுதான். அட்லாண்டாவில் ஒரு நாளிதழின் ஞாயிறு மலரில் வேலை பார்த்தார். ஏமி லார்க்கின் என்ற புனைபெயரில் வாசகர்களின் குடும்பச் சிக்கல்களுக்குப் பதில் சொல்லும் பகுதியும் எழுதியிருக்கிறார். இதைத் தெரிந்துகொண்டபோது எனக்குச் சட்டென்று எல்லாம் விளங்கியது. மாமியார், நாத்தனார், குடிகாரக் கணவன், சொல்ல முடியாத ரகசியம் என்று வாரா வாரம் கடிதங்களைப் படித்துப் பதில் எழுதியவருக்கு ஒரு குடும்பம் எந்த இடத்தில் கிழியும் என்று தெரியாமலா இருக்கும்?

1970-களின் தொடக்கத்தில் பெற்றோரிடம் குடும்பக் கதைகளைக் கேட்டு எழுதிவைக்கத் தொடங்கினார். அதில் ஒன்று அவருடைய கொள்ளுத்தாத்தாவின் கதை. கடைக்காரர். மனைவி இறந்து மூன்று வாரத்தில் கடையில் தொப்பி தைத்த பெண்ணைக் கட்டிக்கொண்டவர்! இந்த அவமானம் பர்ன்ஸின் சொந்த வீட்டுச் சொத்து. அதைப் பக்கத்தில் இருந்து பார்த்த பையன், அவருடைய அப்பா. வில் ட்வீடி அந்த அப்பாவிலிருந்து பிறந்தவன். குடும்பம் பல்லைக் கடித்துக்கொண்டு மறைக்க நினைத்திருக்கக்கூடிய ஒன்றை ஒரு கொள்ளுப்பேத்தி மூன்று தலைமுறை கழித்து எடுத்துத் துடைத்துப் பார்க்கிறாள். அதில் அவளுக்குக் காதல் தெரிகிறது.

1975-இல் அவருக்கே ரத்தப் புற்றுநோய் வகையைச் சேர்ந்த லிம்ஃபோமா என்று தெரிகிறது. நாவல் எழுத முடிவு செய்தது அப்போதுதான். எட்டு வருஷத்துக்கு மேல் ஆனது. புத்தகம் வந்தபோது அவருக்கு வயது அறுபது. அதுதான் முதல் நாவல். இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு ரயில் பாலக் காட்சியைத் திரும்பப் படித்துப் பாருங்கள். கடவுள் சித்தமா என்று கேட்கிற பையனையும், அவ்வளவு சுலபமாக ஆமாம் சொல்ல மறுக்கிற தாத்தாவையும் எழுதிய பெண் எங்கே உட்கார்ந்து எழுதினார் என்று தெரிந்தால், அந்த உரையாடலில் ஒரு சொல்கூட வெறும் பேச்சாக இருக்காது.

1989-இல் தொலைக்காட்சிப் படமாக வந்தது. ஃபே டன்னவே மிஸ் லவ், ரிச்சர்ட் விட்மார்க் தாத்தா, நீல் பேட்ரிக் ஹாரிஸ் பையன். நடிப்பில் குறை சொல்ல மாட்டேன், ஆனால் ஒட்டுக்கேட்பதைப் படமாக்க முடியாது. கேமரா எல்லாவற்றையும் நேராகப் பார்த்துவிடுகிறது. கார்லைல் ஃப்ளாய்ட் இதை ஓபராவாக்கி 2000-இல் ஹூஸ்டனில் அரங்கேற்றினார். அதை நான் பார்த்ததில்லை, தாத்தா பாடுவதை என்னால் நினைத்துப் பார்க்கவும் முடியவில்லை. வாசகர்கள் வில்லுக்கு அப்புறம் என்ன ஆயிற்று என்று நச்சரித்ததில் பர்ன்ஸ் அடுத்த பாகத்தைத் தொடங்கினார். அது முடிவதற்குள் 1990 ஜூலை 4-இல் இறந்துவிட்டார். எழுதிய வரைக்கும் உள்ளதை, அவருடைய பதிப்பாசிரியர் காத்ரினா கெனிசனின் நினைவுக் குறிப்போடு சேர்த்து 1992-இல் ‘லீவிங் கோல்ட் சாஸி’ என்று வெளியிட்டார்கள். முதல் பாகத்தின் துள்ளல் அதில் இல்லை. ஆனால் கெனிசன் எழுதியிருக்கிற பகுதிக்காகவே அதை வாங்கலாம்.

பெரியம்மா முழுப் புத்தகத்தையும் முடித்துவிட்டுத் திருப்பித் தராமல் வைத்துக்கொண்டிருக்கிறார். பண்ணை வீட்டு அத்தியாயத்தைப் படித்த அன்றைக்கு மட்டும் போன் வரவில்லை. நானே கூப்பிட்டு, “இப்பவும் வீட்டுக்காகத்தான் கட்டிக்கிட்டாங்கிறீங்களா?” என்றேன். “ஆமா. வீட்டுக்காகத்தான்” என்றார். கொஞ்சம் பொறுத்து, “பூட்டிக்கிட்டு உள்ள பயமில்லாம படுக்க அவளுக்கு ஒரு வீடு வேணும்லா? அதைப் போயி தப்புன்னா சொன்னேன்?” என்று கேட்டார். கல்யாணத்துக்கு முன்பே அவளுக்குள் காதல் இருந்தது என்கிறேன் நான், கிடையவே கிடையாது என்கிறார் அவர். போன ஞாயிற்றுக்கிழமை இது அரை மணி நேரம் ஓடியது. அடுத்து, தாத்தாவின் தலைமுடியையும் தாடி மீசையையும் மிஸ் லவ் வெட்டிவிடுகிற இடத்தை எடுத்துக்காட்டலாம் என்று இருக்கிறேன்.